நோங் தாவில் எல்லோரும் முதுமையால் சாகிறார்கள்

நோங் தாவ்,
பிப்ரவரி 9, புத்த ஆண்டு 2558

தவளைக்கு,

"அன்புள்ள" என்று தொடங்க மனம் வரவில்லை. போனில் பேசியிருப்பேன். ஆனால் போனில் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், உடனே உன் அத்தான் ஸ்பீக்கரைப் போட்டுச் சமாதானம் பேசுவார், பக்கத்து வீட்டுக்காரி அதற்குக் கருத்துச் சொல்வாள். கடிதம் என்றால் நீ முழுதாகப் படித்துத்தான் ஆகவேண்டும்.

நேற்று வட்டார அலுவலகத்தில் ஊர்த் தலைவர்கள் கூட்டம். அத்தனை மீசைகளுக்கு நடுவில் நான் ஒருத்திதான் பொம்பளை, அது உனக்குத் தெரியும். வாய்க்கால் தூர் வாருவது, நாய்களுக்கு ஊசி போடுவது எல்லாம் பேசி முடித்துக் கிளம்பப் போகிற நேரத்தில் சுகாதார அதிகாரி எழுந்தார்.

"நோங் தாவ் தலைவிக்கு ஒரு கேள்வி. உங்க ஊர்ல நாப்பத்தேழு வயசுலயே முதுமை வந்து செத்துப்போறாங்களாமே? தண்ணியில ஏதாச்சும் இருக்காம்மா?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நோங் சிம் தலைவன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வர. யார் சொன்னது என்று கேட்டேன். பிரான்சிலிருந்து டாக்டர் பைரோட் என்று ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறாராம், உங்களுக்கு உறவா என்று வேறு கேட்டார். எனக்கு அப்படி யாரையும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். மூக்கு ஒழுக ஒழுக இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி இப்படிச் செய்தான் என்று எந்த வாயால் சொல்வது?

அதோடு முடிந்தால் பரவாயில்லை. இந்த வருடம் பித்தநாளப் புற்றைத் தேடுகிற ஸ்கேன் வண்டி எந்தெந்த ஊருக்குப் போகும் என்று வாசித்தார். நோங் சிம் இருக்கிறது. நாம் இல்லை. ஏன் என்று கேட்டேன். "உங்க ஊர்லதான் அந்த நோயே இல்லியேம்மா, பேப்பர்ல" என்றார். இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அந்த வண்டி வேண்டும், தவளை. உன் அத்தானுக்கு அறுவடையிலிருந்து வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறதாம். கேட்டால் பசையரிசிச் சோறு அதிகம் என்பார். நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "அங்க போனவன் எவன் திரும்பி வந்தான்?" என்பார். தனியாகப் போகமாட்டார். கோவில் மைதானத்தில் வண்டி நின்று, பாய் விரித்து அவரோடு குடிக்கிற கூட்டாளிகள் வரிசையில் நின்றால் தானும் போய் நிற்பார். அவரை எனக்குத் தெரியும், கூட்டத்தோடு என்றால் நரகத்துக்கும் போகிற ஆள்.

உலகம் முழுக்க யார் யார் பித்தநாளப் புற்றில் சாகிறார்கள் என்று எண்ணுவதற்கு உனக்குச் சம்பளம் தருகிறார்கள். அது என்ன வேலை என்று இன்றுவரை ஊரில் யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. இப்போதாவது அதில் ஒரு பிரயோசனம் இருக்கட்டும். அந்த ஆளுக்கு இன்னொரு கடிதம் எழுதி வண்டியை அனுப்பச் சொல்.

கம்பூன்


லியோன்,
பிப்ரவரி 24, 2015

அன்புள்ள அக்கா,

"அன்புள்ள" என்று நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன்.

உன் பெயர் வரும்படி நான் எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால் முதலில் உனக்கல்லவா சொல்லியிருப்பேன்? இல்லை, இதுவும் முழு உண்மை இல்லை. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் திட்டுவாய் என்று சொல்லவில்லை. இப்போது இரண்டு மடங்கு திட்டு.

என் வேலை என்னவென்று ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சாவுக் கணக்கு வருகிறது. நான் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கோடு போடுகிறேன். ஜப்பானின் கோடு உயரத்தில் இருந்து மெல்ல இறங்குகிறது. ஐரோப்பாவில் பல நாடுகளில் ஈரலுக்குள் வருகிற வகை ஏறுகிறது, ஈரலுக்கு வெளியே வருவது இறங்குகிறது. ஏறுவது ஏன் என்று எங்களில் யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அந்தக் கோடுகளுக்கெல்லாம் மேலே, தாளை விட்டே வெளியே போகிற மாதிரி ஒன்று நிற்கிறது. அது நம் வடகிழக்கு. இங்கே காப்பி குடிக்கிற நேரத்தில் யாராவது அதைக் காட்டி, "இது தவறாகப் போட்டதா?" என்று கேட்பார்கள். எங்கள் ஊர் என்பேன். பேச்சு அப்படியே நின்றுவிடும்.

போன மாதம் அந்தக் கோட்டைப் பிரித்து நம் வட்டாரத்தை ஊர் ஊராகப் பார்த்தேன். நோய் அதிகமான ஊருக்குக் கறுப்பு நிறம். நோங் சிம் கறுப்பு, அதற்கு அடுத்ததும் கறுப்பு. நம் ஊர் மட்டும் வெள்ளையாக இருந்தது. ஒரே குளம், ஒரே மீன், ஒரே சாராயம், ஆனால் நமக்கு மட்டும் நோய் இல்லை! ஊர்த் தலைவர் எழுதுகிற சாவுத் தாளில் இறந்தவர்கள் எல்லோருக்கும் காரணம் முதுமை. அப்பாவுக்கும் அதுவே, அது உனக்கு முன்னால் இருந்த தலைவர் எழுதியது. நாற்பத்தேழு வயதில் போன காம்சிங் அண்ணனுக்கும் அதுவே. அக்கா, நான் குழந்தையாக விளையாடியபோது என்னைத் தோளில் தூக்கிக் குளத்தில் வீசியவர் அவர். அவர் தலையில் ஒரு நரை கிடையாது.

உன்னை மட்டும் சொல்லவில்லை. எல்லா நாட்டிலும் ஒரு கம்பூன் இருக்கிறாள். சில நாடுகளின் கோடு தரையோடு தரையாகக் கிடப்பதைப் பார்க்கும்போது, அங்கே நோய் இல்லையா, அல்லது மனிதர்கள் மரியாதை தெரிந்தவர்களா என்று எனக்கே சந்தேகம் வரும்.

அதிகாரிக்கு நான் எத்தனை கடிதம் எழுதினாலும் வண்டி வராது. ஒரு வழி உண்டு. பழைய தாள்களை மாற்ற முடியாது, ஆனால் சுகாதார நிலையத்து நர்ஸ் வீடு வீடாகக் கேட்டு எழுதலாம். கண் மஞ்சளித்ததா, உடம்பு முழுக்க அரித்ததா, சிறுநீர் கட்டித் தேநீர் மாதிரிப் போனதா என்று வீட்டுக்காரி சொன்னால் போதும், கணக்கில் சேரும். நீ அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் வருவார்கள்.

அத்தான் இன்னும் பச்சை மீனைக் கொத்திப் பிசைந்த கோய் சாப்பிடுகிறாரா? எனக்குப் பதில் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

பைரோட்


நோங் தாவ்,
மார்ச் 12

தவளைக்கு,

முடியாது.

நீ சொல்வது சுலபம். காம்சிங் போன அன்று அவன் மனைவி புவாலாய்தான் என்னிடம் வந்தாள், சாவைச் சொல்ல. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் எழுதினேன். என்ன காரணம் என்ற இடம் வந்ததும் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு மீன் கொத்திக் கொடுத்த கை. ஊரில் யார் கை கோய் நல்லது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட அவள் வீட்டைக் காட்டும். சொங்கிரான் புத்தாண்டுக்கு மூன்று தெரு தாண்டி அவளைக் கூப்பிட வருவார்கள், அவள் வந்து எலுமிச்சை பிழிந்தால்தான் ஆண்களுக்குச் சாராயம் இறங்கும்.

பித்தநாளப் புற்று எதனால் வருகிறது என்று தெரியாதவர் இங்கே யார்? பள்ளிக்கூடச் சுவரில் பச்சை மீனில் இருக்கிற புழுவின் படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். அப்படி இருக்க, "உன் கைதான் உன் புருஷனைக் கொன்றது" என்று அரசாங்க முத்திரை குத்தி நான் அவளிடம் நீட்டவேண்டுமா? முதுமை என்று எழுதினேன். அவள் பெருமூச்சு விட்டாள். மறுபடி அந்த இடத்தில் உட்கார்ந்தாலும் அதைத்தான் எழுதுவேன். இப்போது நானே அவள் வாசலில் போய் நின்று, வாம்மா, வந்து உன் வாயால் சொல் என்று கூப்பிடுவதா? உன் வெள்ளையும் கறுப்பும் உன் மேசையிலேயே இருக்கட்டும்.

அத்தானைப் பற்றிக் கேட்டாய். வருடத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை போட்டுக்கொள்கிறார், ரொம்பப் பொறுப்பு. எதற்கு என்று நினைக்கிறாய்? போன வாரம் மாத்திரை போட்டுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தார்.

"கம்பூன், உள்ள எல்லாம் கழுவி விட்டாச்சு. சுத்தமான பானை. இனி அடுத்த வருஷம் வரைக்கும் கவலையே இல்ல, மீன எடு!"

"பானையக் கழுவுறது மறுபடி சேத்த அள்ளிப் போடவா?"

"எலுமிச்ச பட்டதும் மீன் வெளுக்குது பாரு, வெந்த மாதிரி. அப்பறம் எறும்பு முட்டை, மொளகா, மேல சாராயம். இத்தனையும் தாண்டி ஒரு புழு பொழைச்சா, அந்தப் புழுவுக்கு நானே வணக்கம் சொல்லுவேன்."

என்ன சொல்வது? ஊரில் எல்லா ஆண்களும் இப்படித்தான், மாத்திரை என்பது அவர்களுக்கு மறுபடி தின்ன அனுமதிச் சீட்டு. நான் அதைத் தொடுவதே இல்லை. எனக்கு எப்போதும் பொரித்த மீன்தான். அவருக்குக் கொத்திக் கலந்து கொடுப்பேன், உப்புப் புளிப்புப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

இருந்தாலும் தம்பி, விலாவுக்குக் கீழே கை வைத்துக்கொண்டே தூங்குகிறார். நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது.

கம்பூன்


லியோன்,
மார்ச் 25, 2015

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நான்கு பேருக்கு வாசித்துக் காட்டவேண்டும் போல இருந்தது, அத்தானின் பானையை மட்டும். மற்றதை யாருக்கும் காட்டமாட்டேன்.

புவாலாய் அக்காவைப் பற்றி நீ சொன்னதை இரண்டு முறை படித்தேன். அந்த இடத்தில் நான் இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஓடியிருப்பேன். ஆனால் ஒன்று சொல்லட்டுமா, கோபப்படாதே. அவளுக்கு நீ முதுமையைக் கொடுத்தாய். அடுத்த வீட்டுக்காரிக்கு வர வேண்டிய வண்டி அந்தத் தாளில் நின்றுபோனது. இரண்டும் ஒரே பேனாவில் நடந்தது. நீ செய்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. எனக்கும் எது சரி என்று தெரியவில்லை.

இன்னொன்று. "உப்புப் புளிப்புப் பார்ப்பேன்" என்று எழுதியிருக்கிறாய். எதை? எலுமிச்சை பிழிந்த பச்சை மீனையா? எத்தனை வருடமாக?

இதற்கு மட்டும் உடனே பதில் எழுது.

பைரோட்


நோங் தாவ்,
ஏப்ரல் 20

அன்புள்ள தவளைக்கு,

உன் கேள்வி இருக்கட்டும். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைப்பதற்கெல்லாம் நீ நர்ஸ் மாதிரி விசாரணை வைத்தால் நான் சமையலே செய்ய முடியாது. அதைவிடப் பெரிய விஷயம் இங்கே நடந்துவிட்டது. உட்கார்ந்து படி.

வண்டி நமக்கு வரவில்லை என்ற செய்தி கோவிலில் கசிந்துவிட்டது, எப்படி என்று கேட்காதே, உன் அத்தானிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் அது ஊர் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. சொங்கிரானுக்கு இரண்டு நாள் முன்பு முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். புவாலாய் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"காம்சிங்குக்கு என்னன்னு எழுதின?"

"பழசெல்லாம் எதுக்கு இப்ப?"

"என்னன்னு எழுதின, தலைவி?"

"முதுமைன்னு."

"யாருக்காக எழுதின?"

"உனக்காகத்தான், வேற யாருக்காக?"

"எனக்காகன்னா என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும்ல?"

நான் மிளகாயைப் புரட்டினேன். வேறு என்ன செய்வது, சொல்.

"அவரு கண்ணு மஞ்சளானது இந்த ஊர் நாய்க்குக்கூடத் தெரியும். என் கைதான்னும் எல்லாருக்கும் தெரியும். என் முன்னாடி பேசமாட்டாங்க, அவ்வளவுதான். சந்தையில எங்கிட்ட மட்டும் மீனப் பத்திப் பேச்சே எடுக்கறதில்ல, கவனிச்சிருக்கியா? நீ எழுதி மறைச்சது எனக்குத் தெரியாம இல்ல. அதனாலதான் இன்னும் பாரமா இருக்கு. உன் வீட்டுக்காரரு புன்மா அண்ணன் விலாவப் புடிச்சுக்கிட்டு நடக்கறத நான் பாத்தேன். காம்சிங்கும் முதல்ல அப்படித்தான் நடந்தாரு. என் கைன்னு எழுது. எழுதினா வண்டி வரும்னா அந்தக் கை அதையாவது செய்யட்டும்."

தவளை, நான் ஊர்த் தலைவி. நாய்ச் சண்டை, வரப்புச் சண்டை, மாமியார் சண்டை எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கும். அன்று செய்ய முடிந்தது ஒன்றுதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மிளகாய்க் கை, அவளுக்கு எரிந்திருக்கும், இழுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு நான் ஒரு வேலையும் செய்யவில்லை, அவள்தான் செய்தாள். தெருத் தெருவாகப் போய்ப் புருஷனை இழந்தவர்களையெல்லாம் திரட்டினாள். காலையில் சுகாதார நிலையத்து வாசலில் நல்ல பாவாடை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, திருவிழாவுக்குப் போகிற மாதிரி வந்து நின்றார்கள். நர்ஸ் பயந்துவிட்டது, யாரோ அதை வேறு ஊருக்கு மாற்றக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று. பிறகு ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல அது எழுதியது. முதலில் எல்லோரும் அழுதார்கள். அப்புறம் யார் புருஷன் அதிகம் மஞ்சள் என்பதில் போட்டி வந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரர் மஞ்சளுக்குப் பக்கத்துல பிக்குவோட மஞ்சத் துணி தோத்துப் போயிடும்!"

"உன் ஆளு சும்மா மாம்பழ நெறம். எங்க ஆளு ராத்திரி வெளக்கில்லாம தெரிவாரு!"

நர்ஸ் பேனாவை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டது. சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை, எங்களுக்கும்தான். எத்தனையோ வருடமாக அந்தப் பெண்களை இப்படி ஒன்றாக உட்கார்ந்து சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் என் பங்குக்கு நம் அப்பாவைச் சொன்னேன். அம்மா இல்லையே, யாராவது சொல்லவேண்டுமே.

அதிகாரி நர்ஸ் எழுதிய காகிதக் கட்டைப் பார்த்துவிட்டு நேற்று போன் செய்தார். இந்த முறை தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த மாதம் வண்டி வருகிறது.

கம்பூன்


லியோன்,
மே 2, 2015

அன்புள்ள அக்கா,

எனக்கு இன்று வேலை ஓடவில்லை. பக்கத்து மேசைக்காரர் என்ன ஆயிற்று என்றார். எங்கள் ஊர் ஆண்கள் மஞ்சளாக இருந்தார்கள் என்று பெண்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றேன். பாவம், மனிதர் தலையாட்டிக்கொண்டே போய்விட்டார்.

புவாலாய் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

வண்டி வருகிற அன்று அத்தானை மட்டும் படுக்க வைக்காதே. நீயும் படு. விரல் நுனிக்குக் கணக்கு உண்டு, அக்கா. கல்யாணமான வயதிலிருந்து வாரம் ஒருமுறை விரல் நுனி என்றால் அது ஒரு தட்டு இல்லை, ஒரு குளம். பெண்களின் கோடு எங்கள் தாளில் ஆண்களைவிடத் தாழ்ந்துதான் இருக்கும், ஆனால் தரையில் இல்லை. அவர்களும் சாப்பிட்டதில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பைரோட்


நோங் தாவ்,
மே 23

அன்புள்ள தவளைக்கு,

வண்டி வந்தது. காலையிலேயே கோவில் மைதானத்தில் நின்றது, வெள்ளை வண்டி, உள்ளே ஏசி. ஏசிக்காகவே பாதி ஊர் வரிசையில் நின்றது. உன் அத்தானைத் தவிர. தேடினால் குளத்துக்கரையில், தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். புழு இல்லாத தூண்டில்.

"வாங்க."

"மீன் கடிக்குது, அப்பறம் வர்றேன்."

"வெறும் முள்ளு, எந்த மீன் கடிக்கும்?"

வெறும் முள்ளை மேலே இழுத்து மறுபடி வீசினார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "நீ மொதல்ல படு. நீ படுத்தா நானும் படுக்கறேன்" என்றார். பயந்திருந்தார், தம்பி. எப்போதும் ஊரையே கேலி செய்கிற மனிதர். எனக்கு அப்போது அவர்மேல் வந்த பாசத்தை இந்த வயதில் எழுத வெட்கமாக இருக்கிறது.

சரி, உன் சொல்லும் ஆயிற்று, அவர் சொல்லும் ஆயிற்று என்று முதலில் நான் படுத்தேன். டாக்டர் சின்னப் பெண், என் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி வளவளவென்று பேசிக்கொண்டே தேய்த்தாள். மாம்பழம் எப்படி இந்த வருஷம், எத்தனை பேரப்பிள்ளைகள் என்று. பிறகு பேச்சு நின்றது. ஒரே இடத்தில் மறுபடி மறுபடி தேய்த்தாள். மாம்பழம் நல்ல காய்ப்பு என்று நானே சொன்னேன். அவள் கேட்கவில்லை.

அடுத்து அவர் படுத்தார். ஈரலில் கொழுப்பு, சாராயத்தைக் குறைக்கவேண்டும், வேறு ஒன்றும் இல்லையாம். விலாவில் இருப்பது நெல் மூட்டை தூக்கிய பிடிப்பாம். குத்துச்சண்டையில் ஜெயித்தவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார், கூட்டாளிகள் எல்லாம் ஓவென்று கத்தினார்கள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். கை அப்படியே கீழே இறங்கியது.

என் பித்தநாளத்தில் சின்னதாக ஒன்று. கோன் கேன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இன்னும் படம் எடுத்தார்கள். அதுதான். ஈரலில் ஒரு பக்கத்தை வெட்டி எடுப்பார்களாம். அடுத்த வாரம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? அவரிடம் சொன்னால் அவர் உடைந்துபோவார். இப்போதே நான் சமையல் அறைப் பக்கம் போனால் கொத்துக்கத்தியை எடுத்து ஒளித்து வைக்கிறார். நேற்று என் விரலைப் பிடித்து நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எனக்கு உப்பு சரியா இருக்கணும்னுதானே" என்றார்.

ஆனாலும் சொல்கிறேன், மனது முழுக்க இருட்டாக இல்லை. புவாலாய் சோறு கொண்டுவருகிறாள். தெருப் பெண்கள் மாற்றி மாற்றி வந்து கால் பிடித்துவிடுகிறார்கள். தலைவி வேலையில் இத்தனை நாள் கிடைக்காத மரியாதை, ஒரு புள்ளியால் கிடைத்திருக்கிறது.

கம்பூன்


லியோன்,
மே 26, 2015

அக்கா,

அத்தான் போனில் எல்லாம் சொல்லிவிட்டார். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நான் வந்துவிடுவேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். இருந்தாலும் எழுதுகிறேன், நேரில் இதையெல்லாம் சொல்ல எனக்கு வராது.

சின்னதாக இருக்கும்போது கண்டுபிடித்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? என் கோடுகளில் இருக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் மஞ்சளான பிறகு வந்தவர்கள். அவர்களுடையதைச் சின்னதாக யாரும் பார்த்ததே இல்லை. உன்னுடையதைப் பார்த்திருக்கிறார்கள். வெட்டி எடுக்க முடியும் என்கிறார்கள். நான் கணக்குப் போடுகிறவன், ஆறுதல் சொல்கிறவன் இல்லை, ஆகவே நான் சொன்னால் நம்பு.

அடுத்த வருடக் கணக்கில் நோங் தாவ் வெள்ளையாக இருக்காது. கோடு ஏறும். ஒரு கோடு ஏறுவதைப் பார்த்து நான் சந்தோஷப்படப் போவது இதுதான் முதல் தடவை. அப்பா அதில் இருப்பார், காம்சிங் அண்ணன் இருப்பார். நீ இருக்கமாட்டாய். உன்னை எண்ணுவதற்கு நான் இந்த வேலைக்கு வரவில்லை.

தவளை


நோங் தாவ்,
ஆகஸ்ட் 16

அன்புள்ள தவளைக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. நீ விட்டுப்போன கம்பளிச் சட்டையை உன் அத்தான் இந்த வெயிலில் போட்டுக்கொண்டு திரிகிறார், பிரான்சுச் சட்டையாம்.

தையல் காய்ந்துவிட்டது. டாக்டர் முழுதாக எடுத்துவிட்டோம் என்றார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து படுக்கவேண்டுமாம். படுக்கிறேன். மீதி இருக்கிற ஈரலை வைத்துக்கொண்டு நான் நன்றாக இருக்கிறேன். பசிக்கிறது, தூங்குகிறேன், திட்டுகிறேன். காலையில் முற்றத்தில் உட்கார்ந்து நாற்று நட்ட வயலைப் பார்த்தால், ஏனோ போன வருடத்தைவிடப் பச்சையாக இருக்கிறது. போன வருடம் நான் பார்க்கவில்லை போல.

வண்டியில் இன்னும் இரண்டு பேருக்குக் கண்டுபிடித்தார்கள், ஒருவர் புவாலாயின் கொழுந்தன். அவருக்கும் வெட்டி எடுத்தாயிற்று. அவளிடம் இப்போது சந்தையில் மீன் பேச்சு எடுக்கிறார்கள். எப்படி வதக்கினால் கோய் காயாமல் இருக்கும் என்று கேட்கிறார்கள்.

போன வாரம் கோவிலுக்குப் பின் வீட்டுத் தாத்தா போய்விட்டார், தொண்ணூற்றிரண்டு வயது. ஒரு நோய் கிடையாது, சாப்பிட்டுப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. முதுமை என்று எழுதி அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து உடனே போன். "தலைவி, இது நிஜ முதுமையா, உங்க ஊர் முதுமையா?" என்று கேட்கிறான் அந்தப் பையன். வந்து பிணத்தின் சுருக்கங்களை எண்ணிப் பார்த்துக்கொள் என்று வைத்துவிட்டேன்.

நேற்றைய விஷயத்துக்கு வருகிறேன். மழைக்கால நோன்பு என்பதால் உன் அத்தான் கூட்டாளிகளில் பாதிப் பேர் சாராயத்தைத் தொடுவதில்லை, மீதிப் பேர் பாய் விரித்துவிட்டார்கள். இவரும் போய் உட்கார்ந்தார். நான் ஜன்னல் ஓரம் படுத்திருந்தேன், எல்லாம் தெரிந்தது, கேட்டது. வழக்கம்போல மீன் வந்தது. இவர் அதை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார். சட்டியில் போட்டு நன்றாக வேகும்வரை வதக்கி, அதற்குப் பிறகுதான் எலுமிச்சை, மிளகாய், வறுத்த அரிசிப் பொடி எல்லாம் போட்டார். தானே உப்புப் பார்த்தார். பாயில் கொண்டுவந்து வைத்தார். ஒரு நிமிடம் யாரும் கை வைக்கவில்லை.

"என்னடா இது, குழந்தைக்கு ஊட்டுற மாதிரி வேக வெச்சிருக்க?"

"பொண்டாட்டி சொல்லியிருப்பா."

"புன்மாவா? பொண்டாட்டி சொல்றதக் கேக்கற ஆளா ஆயிட்டியா நீ?"

எல்லோரும் சிரித்தார்கள். பாயில் எப்போதும் முதலில் கேலி செய்கிறவர் உன் அத்தான்தான், அவர் என்ன சொல்லப் போகிறார் என்று நானும் காது கொடுத்துக் கேட்டேன். அவர் அவசரப்படவில்லை. பசையரிசிச் சோற்றை உருட்டி, அந்த மீனில் தொட்டு, வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"ஆமாண்டா, கேக்கறேன்" என்றார். "சொல்றதுக்கு எனக்கு ஒருத்தி இருக்கா."

அப்புறம் யாரோ அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுக்கிற சத்தம் கேட்டது.

கம்பூன்